உர ஆலையைப் படமெடுத்தல்: மஸில் ஷோல்ஸ் உலை முதல் சிந்திரி வரை

உலகில் இன்று வாழ்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் ஆலைகளை நம்பி இருக்கிறது. 2008இல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் வெளியான ஒரு மதிப்பீடு இந்தப் பங்கை 48 விழுக்காடு என்று கணக்கிட்டது. இத்தனை பெரிய காரியத்தைச் செய்யும் ஆலை எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மில் பலருக்கு மனத்தில் எந்தப் படமும் எழுவதில்லை. எஃகு ஆலை என்றதும் கொட்டும் செங்குழம்பு கண்முன் வருகிறது. நெசவாலைக்குத் தறி இருக்கிறது, அச்சகத்துக்குச் சுழலும் காகித உருளை இருக்கிறது. உர ஆலைக்கு மூட்டையில் அச்சிட்ட சின்னம் மட்டுமே.

உர ஆலைகளைப் படமெடுக்க ஆளில்லாமல் இப்படி ஆகிவிடவில்லை. நூறாண்டுக்கு மேலாக அவற்றை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரசுகள் பெருமைக்காக எடுத்தன, பத்திரிகைகள் விபத்துக்குப் பின் எடுத்தன, பொறியாளர்கள் பழுது பார்க்க எடுத்தார்கள். ஒவ்வொரு வகைப் படமும் ஆலையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியது. எந்தப் பக்கம் காட்டப்பட்டது என்பதைப் படமெடுத்தவரின் திறமையைவிட, கேமராவை எங்கே நிறுத்த அனுமதித்தார்கள் என்பதும் படத்தின் கீழே என்ன எழுதினார்கள் என்பதுமே தீர்மானித்தன. அதை விளங்கிக்கொள்ள ஒரே இடத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மஸில் ஷோல்ஸ் அதற்குப் பொருத்தமான இடம். அங்கிருந்து புளோரிடாவுக்கும் ஜெர்மனிக்கும் சென்று, இந்தியாவுக்கு வருவோம்.

மூடிய எஃகுக்குள் நடப்பது

உர ஆலையைப் படமெடுப்பதில் உள்ள முதல் சிக்கல், பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாது என்பதே. இயற்கை எரிவாயுவும் நீராவியும் நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்களுக்குள் வினைபுரிந்து ஹைட்ரஜன் பிறக்கிறது. அது நைட்ரஜனோடு சேர்ந்து, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியின்மீது அம்மோனியாவாகிறது. இதெல்லாம் கனத்த எஃகுக் கலங்களுக்குள்ளே நடக்கிறது. வெளியே நிற்பவருக்குத் தெரிவது காப்புறை போர்த்திய உருளைகளும், குழாய் வரிசைகளும், ஏணிகளும்தான். ஹைட்ரஜனுக்கும் நிறமில்லை, அம்மோனியாவுக்கும் நிறமில்லை. வேலை நிறுத்தப்பட்ட ஆலையின் படத்தையும் முழு வேகத்தில் ஓடும் ஆலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீராவிப் புகை ஒன்றைத் தவிர வேறுபாடு சொல்வது கடினம்.

கண்ணுக்குத் தெரியும் இடங்கள் சில உண்டு. அந்த நிக்கல் வினையூக்கிக் குழாய்களைச் சூடாக்கும் ரிஃபார்மர் உலையின் எட்டிப்பார்க்கும் துளை வழியே தீயைப் பார்க்கலாம். அம்மோனியாவிலிருந்து யூரியா செய்யும் ஆலையின் பிரில்லிங் கோபுரத்தில் பொருள் உருமாறுவதையே பார்க்கலாம். 133 டிகிரியில் உருகும் யூரியாவைக் கோபுர உச்சிக்கு ஏற்றி, சுழலும் துளைக்கூடையிலிருந்து தெளிக்கிறார்கள். கீழிருந்து மேலே ஏறும் காற்றின் ஊடாக அந்தத் துளிகள் விழுந்துகொண்டே குளிர்ந்து இறுகுகின்றன. அடியைத் தொடும்போது ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளை மணிகளாகியிருக்கின்றன. உழவர் வயலில் வீசுவது அந்த மணியைத்தான்.

அந்த இடத்தில் கேமராவுக்கு வேறு தொல்லை. யூரியாத் தூசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. கடற்கரை ஆலைகளின் ஈரக்காற்றில் லென்ஸ்மீது படிந்த தூசி பிசுபிசுத்துப் படலமாகிவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும் அபாயம், ஈரத் துணியால் துடைத்தால் பூசிக்கொள்ளும். அம்மோனியா கலந்த ஈரம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மின்னணுக் கருவிகளின் இணைப்புகளில் இருப்பதும் அந்த உலோகங்கள்தான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பெர்மிட் வேண்டும். ஹைட்ரஜன் மிகச் சிறிய தீப்பொறியிலும் பற்றும் வாயு. அது கசியக்கூடும் என்று வரையறுக்கப்பட்ட பகுதிக்குள் சாதாரண கேமராவும் ஃபிளாஷும் கைப்பேசியும் தீப்பொறி தரக்கூடிய பொருள்களாகவே கருதப்படும். அவற்றை உள்ளே கொண்டுபோகப் பாதுகாப்புத் துறையின் எழுத்து அனுமதியும், வாயு அளவைச் சோதித்த குறிப்பும் தேவை. இந்தக் கட்டுப்பாடு நியாயமானது, தளர்த்தக் கூடாதது. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஆலைக்குள் எடுக்கப்படும் ஏறக்குறைய எல்லாப் படங்களும் நிர்வாகத்தின் அனுமதியோடு, நிர்வாகம் குறித்துக் கொடுத்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டவையே.

மஸில் ஷோல்ஸ், 1942 ஜூன்

டென்னசி ஆற்றங்கரையில் உள்ள மஸில் ஷோல்ஸின் கதை போரில் தொடங்கியது. வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட்டை அமெரிக்கா சிலி நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் உலகப் போர் மூண்டதும் கடல்வழி அடைபடும் என்ற அச்சம் பிறந்தது. 1916இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டிலேயே நைட்ரேட் ஆலை கட்ட வழி செய்தது. மஸில் ஷோல்ஸ் பகுதியில் இரண்டு ஆலைகள் எழுந்தன. மேலே சொன்ன அம்மோனியா முறையை, அதாவது ஹேபர் முறையைப் பின்பற்ற முயன்ற முதல் ஆலை சரியாக இயங்கவில்லை. சயனமைடு முறையில் அமைந்த இரண்டாம் ஆலை 1918 இறுதியில் ஓடத் தொடங்கியபோது போரே முடிந்துவிட்டது. பெரும் பொருட்செலவில் எழுந்த ஆலை சும்மா நின்றது. அதற்கு மின்சாரம் தருவதற்காகத் தொடங்கிய வில்சன் அணை 1924இல் முடிந்தது. ஹென்றி ஃபோர்டு இரண்டையும் வாங்கிக்கொள்ள முன்வந்தார். செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் அது பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1933 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டி.வி.ஏ., பிறந்தது. மஸில் ஷோல்ஸ் அதன் கைக்கு வந்தது.

டி.வி.ஏ. அங்கே முதலில் நைட்ரஜனை விட்டுவிட்டுப் பாஸ்பேட்டின் பக்கம் திரும்பியது. சயனமைடு ஆலையின் பழைய கார்பைடு உலைகளின் இடத்தில் பாஸ்பேட் உலைகளை அமைத்தது. பாஸ்பேட் பாறையையும் சிலிக்காவையும் கல்கரியையும் கலந்து மின்சார உலையில் 1400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பாஸ்பரஸ் ஆவியாக வெளியேறும். அதைத் தண்ணீருக்கடியில் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும், காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும். மிஞ்சும் கால்சியம் சிலிக்கேட் கசடு குழம்பாக உலையின் அடியிலிருந்து திறந்துவிடப்படும். பிடித்த பாஸ்பரஸை எரித்து, நீரோடு சேர்த்தால் பாஸ்பாரிக் அமிலம் கிடைக்கும். அந்த அமிலத்தை மேலும் பாஸ்பேட் பாறையோடு வினைபுரியவைத்தால் செறிவூட்டிய சூப்பர் பாஸ்பேட் உரம்.

1942 ஜூனில் ஆல்ஃபிரட் பால்மர் அங்கே கேமராவோடு வந்தார். போர்க்கால அமெரிக்காவின் தொழில் வலிமையை மக்களுக்குக் காட்டும் அரசுப் பணியில் இருந்த ஒளிப்படக்காரர் அவர். 4×5 அங்குல கோடக்ரோம் வண்ணப் படச்சுருளில் அவர் எடுத்த ஆலைப் படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து அரசு ஒளிப்படத் தொகுப்பில் கறுப்பு வெள்ளைப் படங்கள் லட்சத்துக்கும் மேல், வண்ணப் படங்கள் சுமார் 1600 மட்டுமே. அந்த அரிய வண்ணப் படங்களில் ஒன்று மஸில் ஷோல்ஸின் மின்சார உலை. இருண்ட கட்டடத்துக்குள் உலையின் செந்தழல் ஒளி படத்தை ஆள்கிறது.

இந்தப் படத்தை ரசிக்கக் காரணங்கள் உண்டு. கோடக்ரோம் மிக மெதுவான படச்சுருள். இன்றைய கேமராக்களின் கணக்கில் அதன் வேகம் பத்தை ஒட்டியது. இருண்ட ஆலைக்குள், உலையின் ஒளியையும் சுற்றுப்புறத்தின் நிழலையும் ஒரே சட்டத்துக்குள் அந்தச் சுருளில் பிடிப்பது கைதேர்ந்தவர் வேலை. அவருக்கு முன் பதினான்கு ஆண்டுகள் இருக்கும், க்ளீவ்லாந்தின் ஓட்டிஸ் எஃகு ஆலையில் ஒளிப்படக்காரர் மார்கரெட் பூர்க்-ஒயிட் இதே சிக்கலை எதிர்கொண்டார். அன்றைய படச்சுருளுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறையத் தெரியாது. கண் கூசும் உருகிய எஃகு படத்தில் மங்கலாகவே விழுந்தது. மக்னீசிய வாணங்களைக் கொளுத்தி வெள்ளை ஒளி உண்டாக்கித்தான் அவர் அந்த ஆலையைப் படத்தில் கொண்டுவந்தார். தொழிற்சாலைப் படம் என்றால் இருள், தழல், அதன் நடுவே சிறு உருவமாக மனிதன் என்ற இலக்கணம் அப்படி உருவானது. பால்மர் அந்த இலக்கணத்தில் வளர்ந்தவர்.

தழல் எங்கே இருந்ததோ, அங்கே போன கேமரா

பால்மர் உலையைத் தேர்ந்ததில் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. உரத் தொழிலில் எஃகு ஆலையைப் போலத் தோன்றக்கூடிய இடம் மின்சாரப் பாஸ்பேட் உலை ஒன்றுதான். அன்றும் இன்றும் உலகின் பெரும்பாலான பாஸ்பேட் உரம் அந்த வழியில் வருவதில்லை. பாறையைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் கரைக்கும் ஈர முறையே பெருவழக்கு. அதில் தழல் கிடையாது. தொட்டிகளும் வடிகட்டிகளும் சேறும்தான். படத்துக்கு அழகான முறை மக்கள் மனத்தில் நின்றது. வயலுக்கு உரம் தந்த முறைக்கு முகமே இல்லாமல் போயிற்று.

படக்குறிப்பையும் பார்க்க வேண்டும். டி.வி.ஏ. வேதியியல் ஆலையில் தனிமப் பாஸ்பரஸ் செய்யப் பயன்படும் பெரிய மின்சார உலை, இடம் மஸில் ஷோல்ஸ், அலபாமா என்ற அளவில் அது தகவல் தருகிறது. தகவல் சரியானது. பாஸ்பரஸ் அடுத்து எங்கே போகிறது என்பதை அது சொல்லவில்லை. போர்க்காலத்தில் டி.வி.ஏ. ராணுவத்துக்குப் பாஸ்பரஸும் வெடிமருந்துக்கு வேண்டிய அம்மோனியம் நைட்ரேட்டும் தயாரித்துக் கொடுத்தது. புகைக்குண்டுக்கும் தீக்குண்டுக்கும் போகும் பாஸ்பரஸும் பயிருக்குப் போகும் பாஸ்பரஸும் ஒரே உலையில் ஒரே நிறத்தில்தான் பிறக்கும். கேமராவால் அந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. அதைச் சொல்லக்கூடியது படக்குறிப்பு மட்டுமே. உரத் தொழிலின் படங்களை வாசிக்கிறவருக்கு இதுவே முதல் பாடம்: இங்கே பொருளின் போக்கிடம் படத்துக்கு வெளியே இருக்கிறது.

மேலிருந்து பார்த்தபோது

ஈர முறைக்கு ஒரு மிச்சம் உண்டு. ஒரு டன் பாஸ்பாரிக் அமிலச் சத்து எடுத்தால் ஏறத்தாழ ஐந்து டன் பாஸ்போ-ஜிப்சம் மிஞ்சும். பாறையிலிருந்த ரேடியத்தின் பெரும்பகுதி அதில் தங்கிவிடுகிறது. அதனால் அமெரிக்கச் சட்டம் அதைப் பொதுவாக வேறெதற்கும் பயன்படுத்த விடாமல் குவித்து வைக்கச் சொல்கிறது. புளோரிடாவில் அப்படிக் குவிந்திருப்பது நூறு கோடி டன் அளவில் இருக்கும். மேலே அமில நீர் குளமாகத் தேங்கிய, தட்டையான உச்சிகொண்ட செயற்கை மலைகள் அவை. தூத்துக்குடியிலும் ஒடிசாவின் பாராதீப்பிலும் இதே பொருளின் குவியல்கள் உண்டு.

சாலையில் போகிறவருக்கு அந்த மலை ஒரு புல்மேடாகத் தெரியக்கூடும். உச்சியில் குளம் இருப்பதே தெரியாது. கனடா நாட்டு ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் பர்டின்ஸ்கி 2012இல் புளோரிடாவின் லேக்லாந்து அருகே வானிலிருந்து பாஸ்பேட் கழிவுக் குளங்களை எடுத்தார். அந்தப் படங்கள் ஓவியம்போல அழகானவை. அழகு கழிவின் கேட்டை மறக்கச் செய்துவிடுமே என்ற விமர்சனம் பர்டின்ஸ்கியின் படங்கள்மீது எப்போதும் உண்டு. அந்த விமர்சனத்தில் உண்மை இருந்தாலும் அவருடைய பங்களிப்பு பெரிது. வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போகும் கேமராவுக்கு எட்டாத பக்கத்தை, வானத்தில் ஏறிய கேமரா பொதுப் பார்வைக்குக் கொண்டுவந்தது.

இதன் அவசியம் 2016இல் தெரிந்தது. லேக்லாந்துக்குத் தெற்கே மல்பெரியில் உள்ள மொசைக் நிறுவனத்தின் நியூ வேல்ஸ் ஆலையில், ஆகஸ்ட் 27 அன்று, ஜிப்சக் குவியலின் உச்சிக் குளத்தில் நீர்மட்டம் இறங்குவது தெரிந்தது. குவியலின் அடியில் நிலம் உள்வாங்கியிருந்தது. சுமார் 45 அடி அகலப் பள்ளத்தின் வழியே 21.5 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 81 கோடி லிட்டர் கழிவுநீர், புளோரிடாவுக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கியது. நிறுவனம் அரசு அதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்தது. பொதுமக்களுக்குச் செய்தி தெரிந்தது செப்டம்பர் நடுவில்தான். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த பள்ளத்தின் படங்கள் வெளியானபோது எழுந்த கோபம், மறு ஆண்டே மாசு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தில் முடிந்தது. மக்கள் பார்க்கக்கூடிய ஒரு படம் சட்டத்தை நகர்த்தியது.

ஓப்பாவின் பள்ளம்

விபத்துக்குப் பின் எடுக்கும் படங்களின் வரலாறு இதைவிடப் பழையது. ஹேபர்-போஷ் முறையில் உலகின் முதல் அம்மோனியா ஆலை 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓப்பாவில் ஓடத் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 21 காலை ஏழரை மணி அளவில், அங்கிருந்த உரக் கிடங்கு வெடித்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓப்பாவின் வீடுகளில் பெரும்பாலானவை தரைமட்டமாயின. ஏறத்தாழ 125 மீட்டர் நீளமும் 90 மீட்டர் அகலமும் இருபது மீட்டர் அளவு ஆழமும் கொண்ட பள்ளத்தின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. உர ஆலையை உலகம் முதன்முதலாக உற்றுப் பார்த்தது அந்தப் படத்தில்தான் என்றே சொல்லலாம்.

பள்ளத்தின் படம் அழிவின் அளவைச் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. கிடங்கில் அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் சுமார் 4500 டன் இருந்தது. இந்த வகை உப்புகள் ஈரத்தை இழுத்து, தம் எடையாலேயே அழுந்தி, பாறையாக இறுகும். இறுகிய குவியலை உடைக்கச் சிறு வெடிகளை வைப்பது அங்கே வழக்கமான வேலையாக இருந்தது. ஆயிரக்கணக்கான முறை விபத்தின்றி நடந்த வேலை அது. அந்த ஆண்டில் உரத்தை உலர்த்தும் முறை மாறியிருந்தது, அதனால் குவியலின் தன்மையும் மாறியிருக்க வேண்டும் என்பது பின்னாளைய ஆய்வுகளின் கருத்து. அன்று கிடங்கில் நின்றவர்கள் எவரும் சாட்சி சொல்ல மிஞ்சவில்லை. வெடிப்பதற்கு முந்தைய வாரங்களில் குவியல் எப்படி இருந்தது, எவ்வளவு ஈரம், எந்த இடத்தில் எந்த நாளின் சரக்கு என்பதையெல்லாம் நிபுணர்கள் சோதனைகள் மூலமும் விசாரணை மூலமும் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. விபத்துப் படம் எப்போதும் ஒரு நாள் தாமதமாக வருகிறது.

கசிவுகளில் நிலைமை இன்னும் கடினம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரையில், உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீடுகளை விட்டு ஓடினார்கள். படத்தில் அகப்பட்டது கடல்நீர் கொப்பளிப்பதும், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மனிதர்களும்தான். அவர்களை விரட்டிய வாயு எந்தப் படத்திலும் இல்லை.

எட்டிப்பார்க்கும் துளை

மூன்றாவது வகைப் படம் பத்திரிகைக்கும் கண்காட்சிக்கும் வருவதில்லை. ஆலையின் உள்ளே, பராமரிப்புக்காக எடுக்கப்படும் ஆய்வுப் படம் அது.

ரிஃபார்மர் உலையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள உலோகக் கலவைக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றின் சுவர் 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட குழாய், தொடர்ந்து இருபது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழப் பாதி ஆயுளிலேயே கிழிந்துபோகலாம். அதனால் முகக்கவசம் அணிந்த ஆபரேட்டர் ஒவ்வொரு ஷிப்டிலும் துளைக் கதவைத் திறந்து, சற்று ஒதுங்கி நின்று குழாய்களைப் பார்க்கிறார். நல்ல குழாய் சீரான மங்கல் சிவப்பில் இருக்கும். உள்ளே வினையூக்கி செயலிழந்த இடத்தில், வெப்பத்தை ஈர்க்கும் வினை நடக்காததால், குழாய் வெளுத்த ஆரஞ்சு நிறத்தில் பளிச்சிடும். பட்டையாக வந்தால் ‘ஹாட் பேண்ட்’ என்கிறார்கள். வரிவரியாக வந்தால் ‘டைகர் டெய்லிங்’, திட்டுத்திட்டாக வந்தால் ‘ஜிராஃப் நெக்கிங்’. பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர்கள் இவை.

இன்று அந்தத் துளை வழியே வெப்பக் கேமராவாலும் படம் எடுக்கிறார்கள். அது தரும் படமும் தானாகப் பேசிவிடாது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அதில் தெரியும் நிறங்கள் மென்பொருள் இட்டவை. அளவுகோலை மாற்றினால் அதே குழாய் நீலமாகவும் காட்சியளிக்கும், சிவப்பாகவும் காட்சியளிக்கும். குழாயைவிடச் சூடான உலைச் சுவரின் கதிர்வீச்சு குழாயில் பட்டுத் திரும்பி, உண்மையைவிட அதிக வெப்பத்தைக் காட்டும். அந்தத் திருத்தத்தைச் செய்த பிறகே படம் அளவீடாகிறது. எந்த நாள், எந்தக் குழாய், எத்தனை விழுக்காடு சுமையில் ஆலை ஓடியது, என்ன திருத்தம் போடப்பட்டது என்ற குறிப்பில்லாத வெப்பப் படம் வெறும் வண்ணத்தாள்.

வாயுவையும் இப்போது படமெடுக்க முடிகிறது. மீத்தேன் 3.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியும் அம்மோனியா 10.5 மைக்ரானை ஒட்டியும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். அந்த அலைநீளங்களுக்கென்று செய்த கேமராவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத கசிவு புகைபோல ஆடுவதைப் பார்க்கலாம். இத்தகைய கண்காணிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு ஆய்வு போதும். கார்னெல் பல்கலைக்கழகமும் ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம்’ என்ற அமைப்பும் சேர்ந்து, கூகுள் தெருக்காட்சிக் காரில் மீத்தேன் உணர்கருவியைப் பொருத்தி, அமெரிக்காவின் ஆறு அம்மோனியா உர ஆலைகளின் அருகே பொதுச் சாலைகளில் ஓட்டின. 2019இல் வெளியான முடிவின்படி, இத்தொழிலின் மீத்தேன் வெளியேற்றம் ஆலைகள் தாமே தெரிவித்திருந்ததைப் போல நூறு மடங்குக்கும் மேல். வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் இருந்தபடியே கண்டறிந்த உண்மை இது.

இடிப்பதற்கு முன்

மஸில் ஷோல்ஸுக்குத் திரும்புவோம். அங்கே சும்மா நின்ற இரண்டாம் நைட்ரேட் ஆலையை, 1969இல் தொடங்கிய ‘வரலாற்று அமெரிக்கப் பொறியியல் பதிவு’ என்ற அரசுத் திட்டம் ஆவணப்படுத்தியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் முறை எளியது, கறாரானது. பெரிய அளவு கறுப்பு வெள்ளைப் படங்கள், அளந்து வரைந்த பொறியியல் வரைபடங்கள், எழுத்து வரலாறு என மூன்றும் சேர்ந்தே கோப்பாகும். படம் எந்த இயந்திரத்தின் எந்தப் பக்கம், அது என்ன வேலை செய்தது, எப்போது மாற்றப்பட்டது என்பது எழுத்தில் இருக்கும். பால்மரின் வண்ணப் படம் தரும் சிலிர்ப்பு இந்தப் படங்களில் இல்லை. ஆனால் பால்மரின் படம் எந்தக் கட்டடத்துக்குள், எந்த வரலாற்றின் நடுவில் எடுக்கப்பட்டது என்பதை நமக்கு விளக்குவது இந்தக் கோப்புதான். ஒரே இடத்தைப் பற்றிய இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே ஆலை முழுதாகத் தெரிகிறது.

இந்தியாவில் இந்த வேலை இனியாவது நடக்க வேண்டும். நம் உரத் தொழில் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் 1906இல் தொடங்கிய சூப்பர் பாஸ்பேட் ஆலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தில் திருச்சி சேஷசாயி சகோதரர்கள் ஆல்வாயில் அமைத்த ஃபாக்ட் ஆலை, 1947இல் உற்பத்தி தொடங்கியபோது, விறகிலிருந்து வாயு எடுத்து அம்மோனியா செய்தது. காட்டு மரத்தை நைட்ரஜன் உரமாக மாற்றிய அந்த அமைப்பை இனி யாரும் கட்டப்போவதில்லை. அதன் உலைகளின் வடிவம், விறகு ஊட்டிய விதம், அங்கே வேலை செய்தவர்கள் நின்ற இடம் இவையெல்லாம் படத்திலும் குறிப்பிலும் மட்டுமே எஞ்ச முடியும்.

1951இல் உற்பத்தி தொடங்கிய சிந்திரி ஆலை, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரும் பொதுத்துறை ஆலைகளில் ஒன்று. 2002இன் இறுதியில் அது மூடப்பட்டது. கோரக்பூர் ஆலை 1990 ஜூனில் நேர்ந்த விபத்துக்குப் பின் திறக்கப்படவே இல்லை. பரௌனியும் ராமகுண்டமும் 1999இல் மூடப்பட்டன. இந்த ஊர்களிலெல்லாம் இப்போது புதிய யூரியா ஆலைகள் எழுந்திருக்கின்றன. கோரக்பூரின் புதிய பிரில்லிங் கோபுரம் 149 மீட்டர் உயரம் என்பதும், குதுப் மினாரைப் போல இரு மடங்கு என்பதும் திறப்பு விழாச் செய்திகளில் முன்னே நின்றன. பால்மருக்கு உலை எப்படியோ, இன்றைய பெருமைப் படத்துக்குக் கோபுரம் அப்படி. பெருமை கொள்வதில் தவறில்லை. இந்த நாடு பட்டினியிலிருந்து மீண்டதில் இத்தகைய ஆலைகளுக்குப் பங்குண்டு, அவற்றில் உழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் திறப்பு விழாப் படத்தால் மட்டும் தீர்க்க முடியாது.

செய்ய வேண்டியவை செய்யக்கூடியவையே. பழைய ஆலையின் இரும்பை ஏலம் விடும் ஒப்பந்தத்தில், இடிப்பதற்கு முன் ஒவ்வொரு பிரிவையும் படமெடுத்து, வரைபடங்களோடு ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். ஓய்வுபெற்ற ஆபரேட்டர்களையும் ஃபிட்டர்களையும் அந்தப் படங்களின் முன் உட்காரவைத்து, எந்த வால்வு எதற்கு, எங்கே கசியும், எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டு எழுதலாம். அவர்கள் பலருக்கும் வயதாகிவிட்டதால் இதற்கு அவகாசம் அதிகமில்லை. ஓடும் ஆலைகளில் வாயுக் கேமரா எடுக்கும் கசிவுப் பதிவுகளையும், கழிவுக் குவியல்களின் வான்படங்களையும், நாள், அளவு, விளக்கத்தோடு ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் கேட்கலாம். வணிக ரகசியம் என்று மறுக்கக் கழிவிலும் கசிவிலும் ஒன்றுமில்லை.

யூரியா மூட்டையின் விலையில் பெரும்பகுதியை மானியமாக இந்த நாட்டு மக்கள் கொடுக்கிறார்கள். ஆலையின் காற்றை அதைச் சுற்றி வாழ்பவர்கள் சுவாசிக்கிறார்கள், அதன் ஆபத்தைத் தொழிலாளர்கள் தோளில் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் படங்களும் அவற்றின் கீழே எழுதப்பட வேண்டிய உண்மைகளும் இவர்கள் எல்லோருக்கும் உரிமையானவை. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது உரத் தொழிலுக்கு எதிரான செயல் ஆகாது. தன் சோற்றில் பாதியை விளைவித்துத் தரும் ஒரு தொழிலைத் தெரிந்துகொள்ள ஒரு சமூகம் எடுக்க வேண்டிய முதல் முயற்சி அது.